செத்த பிறகு எடுக்கும் சிரிப்பு

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது நாலு, தங்கியது மூன்று. கொழுந்தன் பெண்சாதி சின்ன வயதிலேயே போய்விட்டாள். அவள் விட்டுப்போன இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. தொலைக்காட்சித் தொடர்களில் வளர்த்த பிள்ளைகளை இதில் சேர்க்கவில்லை. அவர்களில் பாதிப் பேர் என்னைக் கோயில் வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள். மீதிப் பேர் பாலில் விஷம் வைத்தார்கள். வீட்டில் வளர்ந்த ஐந்தும் அந்த அளவுக்குப் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

படிப்பு மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஒரு பக்கம் முடிய ஒரு பகல் ஆகிறது. ஆகட்டும். அவசரக்காரர்கள் பேசியதைக் கேட்டுவிட்டுத்தான் நானே ஒரு நோட்டு வாங்கினேன்.

விஷயம் இதுதான். செல்போனில் ஒரு படம் சுற்றுகிறது. அரை நிமிடம்கூட இருக்காது. பாடையில் மாலையும் நெற்றிக் காசுமாகக் கிடக்கிற கிழவி ஒருத்தி கண்ணைத் திறந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அந்தக் கிழவி நான்தான். பிணமாக நடிக்கத் தெரியாமல் பாட்டி சிரித்துவிட்டாள் என்று அதன் கீழே எழுதியிருக்கிறார்களாம். புத்தி பிசகிவிட்டது என்று சிலர் பரிதாபப்பட்டிருக்கிறார்களாம். நாற்பது வருடம் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நான் செய்ததை ஒருவரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. இந்த அரை நிமிடத்தை மட்டும் பஸ்ஸில் பக்கத்து ஸீட்டில் இருக்கிறவள் என்னிடமே காட்டுகிறாள்.

நடிக்கத் தெரியாமல் நான் சிரிக்கவில்லை. என் பேத்தியின் வளைகாப்பில் உட்கார வேண்டும் என்பதற்காகச் சிரித்தேன். இது விளங்க வேண்டுமானால் நான் பார்த்த வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் மொரப்பூருக்குப் பக்கம். வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற வேலை. கடைசிப் பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது வானொலி நிலையத்திலிருந்து ஜீப்பில் வந்தார்கள். கேழ்வரகு நாற்று விடுவதைப் பற்றி ஊர்ப் பெண்கள் பேச வேண்டுமாம். வருடம் முழுக்கக் குழாயடியில் வாய் மூடாதவர்கள் எல்லாம் மைக்கைக் கண்டதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஊர்க் கிழவி ஒருத்தியின் குரலில் நான் பதில் சொன்னேன். பிறகு அவளுடைய மருமகள் குரலில் அதை மறுத்துச் சொன்னேன். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சண்டையும் மூட்டிவிட்டேன். வந்த அதிகாரி சுற்றிலும் பார்த்துவிட்டு, "இன்னொரு அம்மா எங்க உக்காந்திருக்காங்க?" என்று கேட்டார். அப்படித்தான் வேலை கிடைத்தது.

நிலையத்தில் எல்லாருக்கும் கையில் காகிதம் கொடுப்பார்கள். பார்த்துப் படிக்க வேண்டும், காகிதம் சலசலக்கக் கூடாது. பட்டம் வாங்கியவர்கள் எல்லாம் காகிதத்தைக் கசக்கித் திட்டு வாங்கினார்கள். நான் என் காகிதத்தைப் பாயின் அடியில் வைத்துவிடுவேன். ஒத்திகையில் ஒரு தடவை காதில் விழுந்தால் எனக்குப் போதும். என் பேச்சு மட்டுமில்லை, எதிராளி பேச்சும் மனப்பாடமாகிவிடும். அவர்கள் தடுமாறினால் வாயசைத்துக் காட்டுவேன். படித்தவர்களுக்குப் படிக்காதவள் எடுத்துக் கொடுப்பது பிடிக்காது. ஆனாலும் வாங்கிக்கொள்வார்கள்.

ஒரு நாள் நல்ல மழை. நடிக்க வர வேண்டியவர்கள் ஏறிய பஸ் வழியில் நின்றுவிட்டது. வந்தவர்கள் மூன்று பேர். அன்றைக்கு நாடகத்தில் பிரசவம். பிள்ளை பெறுகிறவளும் நான், அவளுடைய அம்மாவும் நான், மருத்துவச்சியும் நான், பிறந்த குழந்தையும் நான். கொல்லையில் கட்டியிருந்த ஆடும் நான்தான். கடைசியில் நடித்தவர்கள் பெயர் சொன்னார்கள். கதாநாயகனுக்கு ஒரு பெயர், அவனுடைய அப்பாவுக்கு ஒரு பெயர், மற்றும் பலர் என்றார்கள். அந்தப் பலரும் நான்.

வீட்டுக்காரர் வீட்டில் அந்த நாடகத்தைக் கேட்டிருந்தார். நான் வந்து சோறு போட்டேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "ஆடு நல்லா இருந்துச்சு" என்றார். அவர் வாழ்நாளில் என் தொழிலைப் பற்றிச் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். அவருடைய சொந்தக்காரர்கள் அதையும் சொல்லவில்லை. "ரேடியோவுல கத்தறவ" என்பார்கள். அவர்கள் வீட்டு விசேஷத்தில் எனக்கு அடுப்படியில்தான் இடம். ஆனால் அடுப்படிக்கு வந்து, "அந்த நாடகத்துப் பைத்தியக்காரியாட்டம் ஒருக்கா பேசிக் காட்டுங்க" என்று கேட்பார்கள். பேசிக் காட்டமாட்டேன்.

பிறகு தொலைக்காட்சி வந்தது. மொரப்பூரில் ரயிலேறிச் சென்னைக்குப் போவேன். முதலில் அட்டைச் சுவர் வைத்து நாடகம் எடுத்தார்கள். கதவைச் சாத்தினால் வீடே ஆடும். பிறகு தொடர்கள். பூக்காரி, பிச்சைக்காரி, வில்லனுக்கு அம்மா, ஆஸ்பத்திரி ஆயா, நல்ல மாமியார், கெட்ட மாமியார், நல்லவள்போல் இருக்கிற கெட்ட மாமியார் எல்லாம் ஆனேன். ஒரு தடவை நீதிபதியாகக்கூட உட்கார வைத்தார்கள். வழக்கு ஒத்திவைக்கப்படுகிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். நிஜ நீதிபதிக்கும் வேலை அவ்வளவுதான் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார்.

இப்போது வருகிற பிள்ளைகளுக்கு வசனம் மனப்பாடம் செய்கிற வழக்கமே இல்லை. கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு உதவி இயக்குநர் நின்றுகொண்டு ஒவ்வொரு வரியாகச் சொல்வான். இவர்கள் அதைக் கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சொல்வார்கள். அதற்கு பிராம்ப்ட் என்று பெயர். அவன் தும்மினால் இவள் அழுகையை நிறுத்துகிறாள். காதல் சொல்கிற இடத்தில்கூட அவன் முகத்தைத்தான் ஓரக்கண்ணால் பார்க்கிறாள். இவர்களுக்குத் தனியாக ஏசி வண்டி. எனக்குப் புளியமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

வயதாக ஆக எனக்குச் சாகிற வேடம் நிறைய வந்தது. கிழவியை வைத்துக்கொண்டு கதை எழுதத் தெரியாதவர்கள் அவளைச் சாகடிப்பார்கள். முதல் தடவை பிணமாகப் படுத்தபோது எடுத்து முடித்ததும் எழுந்திருக்கப் பார்த்தேன். வயதான கேமராக்காரர் ஒருவர் கையைக் காட்டித் தடுத்தார். "எந்திரிக்காதம்மா. கேமரா ஓடுது. படுத்தமேனிக்குச் சிரி. சிரிச்சுட்டு எந்திரி" என்றார். எங்கள் தொழிலில் அது ஒரு முறை. செத்ததாக எடுத்தால், அதே இடத்தில், அதே கேமராவில் ஒரு சிரிப்பும் எடுக்க வேண்டும். அதை எங்கும் காட்டமாட்டார்கள். வெட்டித் தூரப் போட்டுவிடுவார்கள். ஆனாலும் எடுக்க வேண்டும். செத்தவள் சிரித்தால்தான் சாவு அந்தப் படத்தோடு போகும் என்றார் அவர். சாமியார்களையும் ஜோசியக்காரர்களையும் நான் வாசலோடு அனுப்புகிறவள். ஆனால் இந்த முறையை மட்டும் நான் விட்டதில்லை. பதினோரு தடவை செத்தேன். பதினோரு தடவையும் சிரித்துவிட்டு எழுந்தேன்.

பன்னிரண்டாவது தடவைதான் தகராறு.

அந்தத் தொடரில் மூன்று வருடமாக நான் பெரிய வீட்டு அப்பத்தா. தொடரைப் பார்க்கிற கூட்டம் குறைந்ததாம். அதனால் அப்பத்தாவைச் சாகடிக்கலாம் என்று முடிவு செய்தார்கள். கிராமத்து வீடு வேண்டும் என்று தேடி, வேறு எங்கும் கிடைக்காததுபோல, தீர்த்தமலைக்குப் போகிற வழியில் ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். அங்கிருந்து இரண்டு மைல் போனால் என் பேத்தியைக் கட்டிக்கொடுத்த ஊர். அவள் ஏழு மாதம். ஷூட்டிங் நாளிலிருந்து ஒன்பதாம் நாள் அவளுக்கு வளைகாப்பு வைத்திருந்தார்கள்.

என் மகன் வயிற்றுப் பேத்தி. அவளுடைய தாய் வேலைக்குப் போகிறவள் என்பதால் என் மடியில் வளர்ந்தவள். புருஷனை இழந்தவள் வளையல் போடக்கூடாது, சந்தனம் பூசக்கூடாது என்பார்கள். அந்தச் சட்டம் போட்டவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்களில் ஒருத்திக்குக்கூட நேராகச் சந்தனம் அரைக்கத் தெரியாது. போகட்டும். எனக்கு வேண்டியது அவளுக்கு எதிரில் ஒரு இடம். அவள் கையில் வளையல் ஏறுவதை நான் பார்க்க வேண்டும், அவள் என்னைப் பார்க்க வேண்டும். பிறகு புளிச்சோறும் தயிர்ச்சோறும் சாப்பிட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அதை நினைத்துக்கொண்டுதான் சாகச் சம்மதித்தேன்.

ஷூட்டிங் அன்று காலையில் என்னைப் பாடையில் ஏற்றி வாசலில் கிடத்தினார்கள். ஒரு முறையும் தெரியவில்லை. தலையை வடக்கே வைத்தார்கள்.

"தெக்க வைங்கப்பா" என்றேன்.

"பாட்டிம்மா, அந்தப் பக்கம் வெளிச்சம் இல்ல" என்றார் இயக்குநர். முப்பது வயதிருக்கும். காதில் எதையோ மாட்டிக்கொண்டு எல்லாரையும் அம்மா போட்டுக் கூப்பிடுவார்.

"அப்ப கேமராவை நகத்துங்க. பொணத்தை நகத்தாதீங்க."

நகர்த்தினார்கள். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்பது தெரியாமல் கணுக்காலைக் கட்டினான் ஒருவன். ஆட்டைக் கட்டுவதுபோல இருந்தது. நெற்றிக் காசை ஒட்டுவதற்குப் பசை கொண்டுவந்தான். தலைமாட்டில் விளக்கு இல்லை, நெல் இல்லை. மாலை பிளாஸ்டிக். ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி என் சாவுக்கு நானே ஏற்பாடு செய்தேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, இனி எப்படியோ போங்கள் என்று படுத்தேன்.

அழுவதற்கு ஆள் வேண்டும். சுற்று ஊர்களிலிருந்து ஏஜென்ட் ஒருவன் வேனில் பெண்களை ஏற்றி வந்தான். இறங்கியவர்களில் என் சம்பந்தியம்மாவும் அவருடைய தங்கையும் இருந்தார்கள். பேத்தியின் மாமியாரைத்தான் சொல்கிறேன். ஷூட்டிங் பார்க்க ஆசைப்பட்டு வந்திருக்கிறார். செத்தது யார் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

கேமரா ஓடியது. பெண்களை உள்ளே விட்டார்கள். என் முகத்தைப் பார்த்ததும் சம்பந்தியம்மாவுக்குக் கேமராவும் மறந்துவிட்டது, வந்த இடமும் மறந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு மாரில் அடித்தார். யாரும் பிராம்ப்ட் செய்யவில்லை. தானாகப் பாட்டு வந்தது.

"மொரப்பூரு ரயிலேறி மெட்ராசு போனவளே, மூங்கிலுத் தேரேறி எங்க போற சம்பந்தியே."

குரல் கணீரென்று இருந்தது. அடுத்த வரியில்தான் சுயரூபம் வந்தது.

"சீருல பாத்திரம் கொறஞ்சாலும், சீலையில சரிக கொறஞ்சாலும், சொல்லி ஒரு நாளும் காட்டலியே, சிரிச்ச மொகமா வச்சிருந்தோமே."

சொல்லிக் காட்டவில்லையாம். நாலு ஊர்ப் பெண்களும் சென்னையிலிருந்து வந்த ஐம்பது பேரும் கேட்கப் பாடிவிட்டு, சொல்லிக் காட்டவில்லையாம். எழுந்து உட்கார்ந்து பதில் சொல்லியிருப்பேன். ஆனால் டேக் ஓடிக்கொண்டிருந்தது. பிணம் வாய் திறந்தால் எல்லாம் வீண். மூச்சை மேலேயே நிறுத்திக்கொண்டு கிடந்தேன்.

இயக்குநருக்கு ஒரே சந்தோஷம். "சூப்பர்மா. இன்னொருக்கா அதே மாதிரி" என்றார். இரண்டாவது தடவையும் அழுதார். மூன்றாவது தடவை சம்பந்தியம்மாவுக்கு மேடை பழகிவிட்டது. குத்துவிளக்கைத் தாண்டி வந்து என் காலடியில் விழுந்து, தலையை மட்டும் கேமரா பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். நாற்பது வருடம் பழகியவள் சொல்கிறேன், நன்றாகவே இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அந்த மூன்றாவது தடவையில்தான் அது காதில் விழுந்தது. கூட்டமாகக் கட்டிப்பிடித்து அழும்போது ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் பெண்கள் பேசிக்கொள்வார்கள். நிஜ சாவிலும் அப்படித்தான்.

"வளகாப்பு ஒம்பதாம் நாளு இருக்குதே, இவுங்க இனி வரக்கூடாதில்ல?" என்றார் சம்பந்தியம்மா.

"ஷூட்டிங்குதானக்கா இது" என்றாள் தங்கை.

"ஷூட்டிங்காவட்டும், எதாவட்டும். நான் வாயத் தொறந்து மாரடிச்சுட்டேன். வூட்டுக்குப் போயி தல முழுவணும். முழுவுனா தீட்டுதான? பதினாறு போவட்டும். வயித்துப்புள்ளக்காரி எதுருல பாடையில இருந்து எந்திரிச்சு வந்தவுங்கள உக்கார வெப்பாங்களா?"

"அதுவும் சரிதான்" என்றாள் தங்கை. இரண்டு பேரும் அடுத்த வரியைச் சேர்ந்து பாடினார்கள்.

தொடரில் செத்ததற்குப் பதினாறு நாள் தீட்டு. இப்படி ஒரு கணக்கைப் போட என் சம்பந்தியால்தான் முடியும். கட்டைவிரல் கட்டியிருந்தது, நெற்றியில் காசு இருந்தது, பதில் மட்டும் தொண்டையில் இருந்தது. கட் என்று சொல்கிறவரை நான் அசையவில்லை. என் இமைகூட ஆடவில்லை. அந்த டேக்கைத்தான் தொடரில் வைத்தார்கள்.

கட் என்றதும் கண்ணைத் திறக்காமலேயே சொன்னேன். "சிரிப்பை எடுங்க."

"என்ன சிரிப்பு பாட்டிம்மா?"

சொன்னேன். இயக்குநர் சிரித்தார். சிரிக்க வேண்டியவள் நான்.

"அதெல்லாம் அந்தக் காலம்மா. இன்னைக்கு ஷெட்யூல் முடிஞ்சுது. சாயங்காலம் ஹீரோயினுக்கு சென்னையில வேற வேல இருக்கு. பேக்கப்."

"நீங்க பேக்கப் பண்ணுங்க. நான் இங்கியே கெடக்கறேன்."

மேனேஜர் வந்து கெஞ்சினார். காபி கொண்டுவந்தார்கள். பிணம் காபி குடிக்காது என்றேன். யாரோ ஒரு பிள்ளை செல்போனை நீட்டி, "இதுல எடுத்துக்கலாம் பாட்டி, சிரிங்க" என்றான்.

"எதுல செத்தனோ அதுலதான் சிரிப்பேன். தள்ளி நில்லு."

கதாநாயகியின் வண்டி கிளம்பிப் போனது. அவள் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்துவிட்டு ஏற்றிக்கொண்டாள். வேனில் வந்த பெண்கள் போகாமல் வாசலில் நின்றார்கள். சம்பந்தியம்மா மட்டும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். போய்த் தலைமுழுக வேண்டுமே. அவர் முழுகிவிட்டால் பிறகு நான் வானத்துக்கும் பூமிக்கும் சிரித்தாலும் ஒன்றும் ஆகாது. நான் ஓரக்கண்ணால் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று கிடைத்துவிட்டது. இன்னொன்று குத்துவிளக்குக்குப் பின்னால் கிடந்தது.

காப்பாற்றியவர் லைட்மேன்தான். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஏணியில் நின்றுகொண்டு சொன்னார். "சார், அந்தம்மா சிரிக்காம நாங்க ஒரு லைட்டும் எறக்க மாட்டோம். ஏணியில ஏறி எறங்கறது நாங்க. கெட்டது வந்தா எங்க தலையிலதான் வுழும்." அவரோடு இருந்த நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். முறை தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் அவர்கள்தான். லைட் இறங்காமல் வண்டி போகாது. இயக்குநர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி எறிந்துவிட்டு, பெட்டிக்குள் போன கேமராவைத் திரும்ப எடுக்கச் சொன்னார்.

கேமரா வந்தது. ஆக்‌ஷன் என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு எத்தனையோ சிரிப்பு தெரியும். கல்யாணப்பெண் சிரிப்பு, கள்ளுக்குடிச்சவன் சிரிப்பு, பல்லில்லாத சிரிப்பு, சொத்தை எழுதி வாங்கின மாமியார் சிரிப்பு எல்லாம் வானொலியில் ஒரே மூச்சில் செய்து காட்டினவள் நான். அன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை. வாயைத் திறந்தேன், காற்று வந்தது. சம்பந்தியம்மா இரண்டு செருப்பையும் போட்டுக்கொண்டு நிற்கிறார். பேத்தி முகம் கண்ணுக்குள் வருகிறது. இந்த வயதில், இத்தனை பேருக்கு நடுவில், கால் கட்டோடு கிடந்து ஒரு சிரிப்புக்குக் காத்திருக்கிறேனே என்று அழுகைதான் வந்தது. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

அப்போது சம்பந்தியம்மா தங்கையிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"ஒரு சிரிப்பு சிரிக்கத் தெரியல. இதுக்கா இத்தினி வருசம் ரயிலேறிப் போயிட்டு வந்தாங்க? நானா இருந்தா மூணு தடவ சிரிச்சிருப்பேன்."

காலையில் முதல் தடவையாகக் கேமராவைப் பார்த்தவர். மத்தியானத்துக்குள் எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு வயிற்றின் அடியிலிருந்து கிளம்பியது. அதை அடக்க முடியவில்லை. நெற்றிக் காசு கீழே விழுந்தது. மாலை நழுவியது. கால் கட்டியிருந்ததால் உட்கார முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, புரண்டு புரண்டு சிரித்தேன். லைட்மேன் ஏணியில் நின்று சிரித்தார். வேன் பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். இந்த அரை நிமிடத்தைத்தான் செல்போனை நீட்டின அந்தப் பிள்ளை ஓரத்தில் நின்று எடுத்திருக்கிறான்.

சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. திகைத்துப்போய் நின்றார். "சிரிச்சுட்டாங்களே" என்றார்.

"செத்தவ சிரிப்பாளுங்களா சம்பந்தி?" என்று கேட்டேன்.

"மாட்டாங்க."

"அப்ப நான் செத்தவ இல்லீங்களே."

"அப்ப நான் அழுததெல்லாம்?"

"நல்லா அழுதீங்க. மூணாவது தடவ ரொம்ப நல்லா இருந்துச்சு. அந்தப் பாத்திரக் கத மட்டும் கொஞ்சம் நீளம்."

பெண்கள் மறுபடி சிரித்தார்கள். கட்டைவிரல் கட்டை அவிழ்க்கச் சொல்லி எழுந்து உட்கார்ந்தேன். எல்லார் முன்னாலும் கேட்டேன். "ஒம்பதாம் நாள் நான் வரலாங்களா?"

அவர் இயக்குநரைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "வராம? நீங்க இல்லாம எப்படிங்க. மொத பந்தியில உக்காரணும் நீங்க" என்றார். கேமரா இல்லாவிட்டால் அந்த மொத பந்தி வந்திருக்காது. கேட்டதைவிட அதிகமாகக் கிடைத்தது, வாங்கிக்கொண்டேன். ஊருக்குப் போனதும் அவர் தலைமுழுகினார் என்று பேத்தி சொன்னாள். கேட்டதற்கு வேர்வை என்றாராம். ஆனால் தீட்டு என்ற பேச்சை எடுக்கவில்லை. அத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள், எடுக்க முடியாது.

வளைகாப்பில் பேத்திக்கு எதிரில் உட்கார்ந்தேன். கை நிறைய அடுக்கினார்கள். கண்ணாடி வளையல் முழங்கை வரைக்கும் ஏறியதை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டாவது தடவை தயிர்ச்சோறு வாங்கிச் சாப்பிட்டேன். வந்த பெண்கள் யாரும் என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாரும் சம்பந்தியம்மாவைச் சூழ்ந்துகொண்டு, எப்படி அழுதீங்க, எப்படிக் கண்ணீர் வந்துச்சு என்று கேட்டார்கள். அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த வாரம் தொடரும் வந்தது. சம்பந்தியம்மாவின் முகத்தைத் திரை நிறையக் காட்டினார்கள். மூன்று வருடம் அந்தக் குடும்பத்தைத் தாங்கின அப்பத்தாவுக்குக் காட்டியது இரண்டு கால் கட்டைவிரல். பிறகு படத்துக்கு மாலை போட்டுச் சுவரில் மாட்டினார்கள். மறுநாளே பாகப்பிரிவினைக்கு உட்கார்ந்துவிட்டார்கள். இப்போது ஏஜென்ட் சம்பந்தியம்மாவை அழுகிற காட்சிக்கெல்லாம் வேனில் கூட்டிப்போகிறானாம். போன வாரம் எனக்குப் போன் செய்து, "சம்பந்தி, அழுவும்போது கேமராவப் பாக்கலாமா, கூடாதா?" என்று கேட்டார். கூடாது என்று சொன்னேன். அவர் பார்ப்பார்.

என்னையும் கூப்பிடுகிறார்கள். பாடையில் சிரிக்கிற பாட்டியாக வர வேண்டுமாம், அந்தச் சிரிப்பையே சிரிக்க வேண்டுமாம். அது வேஷத்துக்குச் சிரித்த சிரிப்பு இல்லை என்று சொன்னால் அவர்களுக்கு விளங்காது. வேறு வேடம் இருந்தால் சொல்லுங்கள், ஆடு வேண்டுமானாலும் செய்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பேத்தி பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. எதிரே காலை நீட்டிக்கொண்டு அந்த அரை நிமிடப் படத்தையே மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறாள். இங்கே வா கண்ணு, அதைக் கீழே வை. கண்ணு மங்குது, எழுதினது எனக்கே தெரியல. இந்த நோட்டை எடுத்து மொதல்ல இருந்து வாசி. மெதுவா வாசி. உங்க மாமியார் பேசற எடத்துல மட்டும் பயந்துக்கிட்டு குரலை எறக்காதே.